நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கு ஒரு துணைக்குழு: முதல்முறை தொடங்குகிறவர்களுக்கு

சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு என்று வந்தால் போகாத ஒரு நோய் ஒருவருக்கு இருக்கிறது. அவர் மாதம் தவறாமல் மருத்துவரைப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பேசுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2 மணி நேரம். ஆண்டில் மொத்தம் இருப்பது 8,760 மணி நேரம். மிச்சம் 8,758 மணி நேரமும் மாத்திரையைப் போடுவதா விடுவதா, நடக்கப் போவதா படுத்துக்கொள்வதா, காலில் வந்த கொப்புளத்தைக் காட்டுவதா பொறுத்துப் பார்ப்பதா என்று அவரேதான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. துணைக்குழு அந்த மிச்ச நேரத்துக்கானது.

இப்படி ஒரு சின்னக் குழுவைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நடத்துகிறேன் என்பதைவிட நாற்காலி போடுகிறேன் என்பது இன்னும் சரியாக இருக்கும். நான் மருத்துவர் இல்லை, எனக்கும் பிரஷர் உண்டு, அவ்வளவுதான் என் தகுதி. புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இது புது யோசனையும் இல்லை. 1905-இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்காரவைத்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு, தினமும் அதில் தன் நிலையை எழுத வேண்டும், இடையில் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்காத காலம் அது. வாராந்தரக் கூட்டம், கையில் நோட்டு, வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்க ஒரு ஆள்: நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து நாம் செய்வதும் பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதைப் பற்றித்தான் கீழே நிறையப் பேசப்போகிறேன்.

முதலில் இரண்டு பேரைப் பிடியுங்கள்

பெயர் வைப்பது, நோட்டீஸ் அடிப்பது, தலைவர் செயலாளர் பொருளாளர் தேர்ந்தெடுப்பது எல்லாம் அப்புறம். உங்களுக்குத் தெரிந்தவர்களில் நோயோடு இருக்கும் இரண்டு பேரிடம் பேசுங்கள், வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்காரலாமா என்று கேளுங்கள். மூன்று பேர் நான்கு வாரம் தொடர்ந்து உட்கார்ந்துவிட்டால் நான்காவது ஆள் தானாக வருவார். நாற்பது பேரைக் கூட்டி ஒரு தொடக்க விழா நடத்தினால், சரி, நன்றாகத்தான் இருக்கும், மூன்றாவது வாரம் நீங்களும் மைக்கும்தான் மிச்சம்.

ஒரே நோய் உள்ளவர்களை மட்டும் சேர்ப்பதா, கலந்து சேர்ப்பதா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவரின் குழு உருவாக்கிய தன்மேலாண்மைப் பயிற்சி உலகம் முழுக்கப் பல நாடுகளில் நடக்கிறது. இதய நோய், நுரையீரல் நோய், பக்கவாதம், மூட்டுவாதம் என்று வெவ்வேறு நோய் உள்ளவர்களை வேண்டுமென்றே ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் அதன் சிறப்பு. வாரம் இரண்டரை மணி நேரம், ஆறு வாரம், நடத்துவதற்கு இரண்டு பேர், அவர்களும் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள். நோய் வேறாக இருந்தாலும் களைப்பு, வலி, தூக்கமின்மை, மாத்திரைச் சலிப்பு, வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்கிற ஆதங்கம் எல்லாம் ஒன்றுதான் என்பது அதன் அடிப்படை. என் அனுபவமும் அதுவே. சர்க்கரைக்காரர் காலைப் பற்றிக் கவலைப்படுவதைக் கேட்டு ஆஸ்துமாக்காரர் தன் இன்ஹேலரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். ஆனால் டயாலிசிஸில் இருப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்களுக்குள் தனியாகப் பேசவும் ஒரு நேரம் வேண்டும் என்று கேட்டால் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பேசிக்கொள்வதில் சில விஷயங்கள் மற்றவர்கள் முன்னால் வராது.

நோய் இன்னும் வராத, ஆனால் வாசல்வரை வந்துவிட்டவர்களையும் சேருங்கள். ஹெச்பிஏ1சி என்கிற, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் 5.7-இலிருந்து 6.4 சதவீதத்துக்குள் வந்தால் அதைச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு "இன்னும் வரலையாம்" என்று நிம்மதியாகப் போய்விடுபவர்கள்தான் அதிகம். அமெரிக்காவில் இப்படி வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து நடந்து 2002-இல் முடிவு வெளியான ஆய்வில் உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் சுறுசுறுப்பாக நடப்பது என்ற இரண்டை இலக்காக வைத்தார்கள். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடம் குறைந்தது 31 சதவீதம். வாரம் 150 நிமிடம் என்பது ஐந்து நாள் அரை மணி நேரம்தானே, தனியாகவே நடந்துவிடலாமே என்று தோன்றும். தோன்றட்டும். மழைக்காலம் வரும்போது தெரியும் யார் தனியாக நடக்கிறார்கள் என்று.

நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்கள், அதாவது மனைவி, கணவன், மகள், மருமகன், இவர்களையும் எப்போதாவது அழையுங்கள். எல்லாக் கூட்டத்துக்கும் வேண்டாம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தக் கணவரும் உண்மை பேசுவதில்லை.

போன் எடுக்கிற ஒரு மருத்துவரோ நர்ஸோ வேண்டும்

குழு என்பது சிகிச்சை இல்லை. இதை நீங்கள் முதல் நாளே சொல்ல வேண்டும், மாதம் ஒருமுறை திரும்பச் சொல்ல வேண்டும். அதேசமயம் பேச்சு மட்டும் இருந்து பின்னால் மருத்துவம் இல்லாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. இதற்கு நல்ல உதாரணம் லாஸ் ஏஞ்சலிஸில் முடிதிருத்தும் கடைகளில் நடந்த ஆய்வு, 2018-இல் வெளியானது. ரத்த அழுத்தம் கூடிய கறுப்பின ஆண்கள் 319 பேர், 52 கடைகளின் வாடிக்கையாளர்கள். பாதிக் கடைகளில் முடி வெட்டுபவர் "பிரஷரைக் கவனிங்க, டாக்டரைப் பாருங்க" என்று எடுத்துச் சொன்னார். மீதிக் கடைகளுக்கு மருந்தாளுநர் நேரில் வந்து, மருத்துவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கேயே மருந்து எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் முதல் வகைக் கடைகளில் மேல் அழுத்தம் சராசரியாக 9.3 புள்ளி இறங்கியது, இரண்டாம் வகையில் 27 புள்ளி. நம்பிக்கையான இடம், தெரிந்த முகம் இரண்டும் இருந்ததால்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள், ஆனால் மருந்தும் அங்கேயே வந்து சேர்ந்ததால்தான் அந்த அளவுக்கு இறங்கியது.

ஆகவே பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார மையத்திலோ கிளினிக்கிலோ ஒருவரைப் பார்த்து இப்படிக் கேளுங்கள்: "வாரம் வந்து பேச வேண்டாம். எங்களுக்குச் சந்தேகமான ரீடிங் வந்தால் உங்களுக்கு ஒரு போன் பண்ணலாமா?" சொற்பொழிவுக்கு அழைத்தால் நேரமில்லை என்பவர்கள்கூட இதற்குச் சரி என்பார்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகு எந்த நேரத்தில் அழைக்கலாம், அவர் இல்லாதபோது யாரை அழைப்பது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இடமும் நேரமும்

ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். மாற்றவே மாற்றாதீர்கள். இடத்துக்குப் படி இருக்கக் கூடாது, முதுகு சாய்கிற நாற்காலி வேண்டும், கழிவறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடைசியைச் சிலர் சாதாரணமாக நினைப்பார்கள். நீர் போவதற்கான மாத்திரை எடுப்பவர் கூட்டத்துக்கு வராமல் போவதற்கு அது ஒன்றே போதும், ஆனால் அவர் அந்தக் காரணத்தை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், "வேலை இருந்துச்சு" என்றுதான் சொல்வார்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் என்பது நல்ல அளவு. பதினைந்தைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள்.

முதல் கூட்டம்

வட்டமாக உட்காருங்கள், மேசை வேண்டாம். நீங்கள் முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், அதுவும் சமாளித்த கதையை இல்லை, சறுக்கிய கதையை. நான் முதல் கூட்டத்தில், மாத்திரையை நானாகவே நாலு மாதம் நிறுத்தி வைத்திருந்ததையும், மருத்துவர் கேட்டபோது தினமும் போடுகிறேன் என்று சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எதிரில் இருந்த அம்மா ஒருவர், "நான் ரெண்டு வேளைய ஒரு வேளையா ஆக்கிட்டேன்" என்றார். அதன்பிறகு அறையே பேசியது. நீடித்த நோய்க்கான சிகிச்சையை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் வளர்ந்த நாடுகளில்கூடச் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இலேயே ஓர் அறிக்கையில் எழுதியது. எனவே உங்கள் அறையிலும் பாதிப் பேர் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டே ஆரம்பிக்கலாம்.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "ஆமா"தான். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போவது சகஜம் என்பது கேள்விக்குள்ளேயே இருப்பதால் ஆள் யோசித்து, விரல் விட்டு எண்ணி, "ரெண்டு... இல்ல, மூணு" என்பார். அடுத்த கேள்வி, எந்த வேளை மாத்திரை என்பது. பெரும்பாலும் ராத்திரி மாத்திரையாகத்தான் இருக்கும்.

விதிகள் மூன்று போதும். இங்கே பேசுவது வெளியே போகக் கூடாது. கேட்காமல் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. எதையும் யாருக்கும் விற்கக் கூடாது. இரண்டாவது விதியை எல்லோரும் மீறுவார்கள், நானும் மீறுவேன், அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே நினைவுபடுத்த வேண்டும்.

வாராவாரம் என்ன செய்வது

சொற்பொழிவு வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் குழுக்கள் செத்துப்போவது பெரும்பாலும் சொற்பொழிவால்தான். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு தடவை சொன்னால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் குறைக்க முடியவில்லை என்பதுதான் பிரச்சினை, அதை மறுபடி மறுபடி சொல்வதால் குற்ற உணர்ச்சி கூடுமே தவிர உப்பு குறையாது.

அதற்குப் பதில், ஒவ்வொருவரும் அந்த வாரத்துக்கு ஒரே ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். லோரிக்கின் பயிற்சியில் இருப்பதும் இதுதான்: என்ன செய்யப்போகிறேன், எவ்வளவு, எப்போது, வாரத்தில் எத்தனை நாள், இதைச் செய்துவிடுவேன் என்று 0 முதல் 10-க்குள் எவ்வளவு நம்பிக்கை. நம்பிக்கை 7-க்குக் கீழே இருந்தால் திட்டத்தைச் சின்னதாக்க வேண்டும். எங்கள் குழுவில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன்.

"இந்த வாரம் தினமும் ஒரு மணி நேரம் நடக்கப்போறேன்" என்றார் ஒருவர்.

"சரிங்க ஐயா. பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரு... நாலு."

"அப்ப எதைக் குறைச்சா ஏழு வரும்?"

"அரை மணி நேரம்னா அஞ்சு." மறுபடி யோசித்தார். "உண்மையச் சொன்னா கால் வலிக்குது. வாசல்ல இருந்து தெருமுனை வரைக்கும் போய்ட்டு வர்றேன். வாரத்துக்கு நாலு நாள். காலைல, பேப்பர் பாக்குறதுக்கு முன்னாடி. இதுக்கு ஒம்பது."

இந்தப் பேச்சில் யாரும் அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கால் வலி இருக்கிறது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அடுத்த வாரம் அவர் மூன்று நாள் போயிருந்தார். நான்கு நாள் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் போனதை நாங்கள் தோல்வியாக எழுதவில்லை, அந்த நான்காவது நாள் என்ன தடுத்தது என்று மட்டும் கேட்டோம். செருப்பு கடித்திருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்குச் செருப்பு கடிப்பது சின்ன விஷயம் இல்லை, உணர்ச்சி குறைந்த காலில் அது புண்ணாகும் வரை தெரியாது. அன்றைக்கே எல்லோரும் செருப்பைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தோம், ஒருவருடைய செருப்பில் ஆணி முனை இருந்தது, அவருக்கே தெரியாது.

ஆக ஒரு கூட்டத்தின் ஒரு மணி நேரம் இப்படிப் போகும்: போன வாரம் எடுத்த வேலை என்ன ஆச்சு, எங்கே மாட்டியது, மாட்டியவருக்கு மற்றவர்களிடம் ஏதாவது வழி இருக்கிறதா (அவர் கேட்டால் மட்டும்), அடுத்த வாரத்துக்கு என்ன. மீதி நேரம் அரட்டை. அரட்டையைக் குறைக்காதீர்கள்.

பிரஷர் பார்ப்பது, சுகர் பார்ப்பது

ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வைத்தால் ஆள் வருவார்கள், உண்மைதான். ஆனால் தப்பாகப் பார்த்தால் வீண் பயமோ வீண் நிம்மதியோதான் மிஞ்சும். மேல்கையில் கட்டும் மெஷினாக வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பெரிய கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதனால் இரண்டு அளவுப் பட்டை வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, சிகரெட், வேக நடை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் எதன்மேலாவது தாங்கி இருக்க வேண்டும், பட்டை சட்டைக்கு மேல் இல்லாமல் நேராகத் தோலில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. அப்புறம் முக்கியமானது: பேசக் கூடாது, பேசினால் ரீடிங் ஏறும். நம் கூட்டத்தில் இதுதான் நடக்காத காரியம், அதனால் மெஷினை ஒரு மூலையில் தனியாக வைத்துவிட்டோம்.

சுகர் மெஷினில் இன்னொரு எச்சரிக்கை. விரலில் குத்தும் பேனாவை ஒருவருக்கு மேல் பயன்படுத்தவே கூடாது, ஊசியை மாற்றினாலும் கூடாது. ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிகள் அப்படிப் பரவியிருக்கின்றன. அவரவர் மெஷினை அவரவர் கொண்டுவரட்டும், இல்லாதவருக்கு ஒருமுறை குத்தித் தூக்கிப்போடும் லான்செட். குத்துவதற்கு முன் கை கழுவ வேண்டும், பழம் தொட்ட விரலில் சர்க்கரை ஏறித் தெரியும்.

கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு:

பிரஷர் மேலே 180 அல்லது கீழே 120-ஐத் தாண்டினால், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் தளர்வு, பார்வை மங்கல் எது இருந்தாலும் உடனே அவசர ஊர்தி. அறிகுறி எதுவும் இல்லையென்றால் சில நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் மருத்துவருக்குப் போன்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால், அல்லது ஆள் வியர்த்து நடுங்கினால், சுமார் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லையென்றால் திரும்பக் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வரவில்லையென்றால், பேச்சு குழறினால் அது பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு, மணி எத்தனை என்று குறித்துவிட்டு, அப்போதே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தை மருத்துவமனையில் கண்டிப்பாகக் கேட்பார்கள், மருந்து கொடுப்பதா என்பதே அதை வைத்துத்தான்.

வராதவர்

இனி நான் முதலிலேயே சொன்ன அந்த மூன்றாவது வேலை, வீட்டுக்குப் போய் எட்டிப் பார்ப்பது. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏற்கெனவே எழுந்து, குளித்து, கிளம்பி வந்துவிட்டவர்கள், அன்றைக்கு அவர்கள் ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறார்கள். அன்றைக்கு யாருக்குத் துணை வேண்டுமோ அவர் வந்திருக்க மாட்டார். அதனால் கூட்டம் முடியும்போது கடைசி வேலை வருகைப் பட்டியலைப் பார்த்து, வராத ஒவ்வொருவருக்கும் யார் போன் பண்ணுவது என்று பிரித்துக்கொள்வது. எல்லாப் போனையும் நீங்களே பண்ணாதீர்கள். மாற்றி மாற்றிச் செய்யட்டும், போன் பண்ணுகிறவருக்கும் அது ஒரு மருந்து.

போனில் முதல் வாக்கியம் முக்கியம். "ஏன் வரல?" என்றால் அது விசாரணை. "இன்னைக்கு உங்க நாற்காலி காலியா இருந்துச்சு அக்கா, அதான் கூப்பிட்டேன்" என்றால் அவர் பேசுவார். காரணத்தைத் தோண்டாதீர்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வரவில்லையென்றால், வரலாமா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், இரண்டு பேராக, கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராமல். வீட்டுக்குள் போன இடத்தில் நாங்கள் கண்டதெல்லாம் கூட்டத்தில் ஒருபோதும் தெரிந்திருக்காது: கண் மங்கி மாத்திரை அட்டையின் எழுத்துத் தெரியாமல் நிறத்தை வைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், மருந்துக் கம்பெனி மாறி நிறம் மாறியதும் ஒரே மருந்தை இரண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் படுத்துவிட்டு வீடு திரும்பியவர் பழைய மாத்திரைகளையும் புது மாத்திரைகளையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். படுத்து எழுந்து வந்தவருடைய வீட்டுக்கு முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். பழைய சீட்டு, புதுச் சீட்டு, வீட்டில் இருக்கும் அட்டைகள் மூன்றையும் மேசையில் பரப்பி போட்டோ எடுத்து மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ காட்டச் சொல்லுங்கள். எது வேண்டும் எது வேண்டாம் என்று நீங்கள் பிரிக்காதீர்கள்.

மருந்து வாங்கப் போகும் அலைச்சலையும் பங்குபோட முடியும். மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008-இல் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள் ஆறு பேர் வரை கொண்ட குழுக்களாகச் சேர்ந்தார்கள். மாதம் ஒருவர் தூரத்து மருத்துவமனைக்குப் போய்த் தன்னைக் காட்டிவிட்டு எல்லோருக்கும் மருந்து வாங்கிவருவார், அடுத்த மாதம் இன்னொருவர். ஒவ்வொருவரும் மாதாமாதம் அலைவது போய், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிவிட்டது. உங்கள் இடத்தில் இன்னொருவர் மருந்து வாங்க விதி அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிக்காவிட்டாலும் ஒன்றாகக் கிளம்பிப் போகலாமே, வரிசையில் நிற்கும் மூன்று மணி நேரமும் ஒரு கூட்டம்தான்.

பொடியோடு வருகிறவர்

ஐந்தாவது ஆறாவது கூட்டத்துக்குள் ஒருவர் கண்டிப்பாக ஒரு பொடியோடோ வாட்ஸ்அப் வீடியோவோடோ வருவார், நாற்பது நாளில் சர்க்கரையை அடியோடு ஒழிக்கும் என்பார். அவரை அவமானப்படுத்தாதீர்கள். மாத்திரை போட்டு அலுத்த யாருக்கும் அந்த ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. நாங்கள் சொல்வது ஒரே வாக்கியம்: சேர்ப்பதும் நிறுத்துவதும் மருத்துவரிடம் கேட்ட பிறகு. அப்படி விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டும் ஆங்கில மருந்தும் கலந்திருந்தது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இன்சுலினைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்லலாம்.

மனசு

சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. மாத்திரையை விடுவதற்குப் பின்னால், வராமல் போவதற்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், நாட்டில் மனநல மருத்துவர்களே மிகக் குறைவாக இருந்த நிலையில், 2006-இல் ஹராரேயில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனக் கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேச மருத்துவமனை வளாகத்தில் மரப் பலகையில் உட்காரவைத்தார். அங்கே மக்கள் தங்கள் கஷ்டத்துக்கு வைத்திருந்த சொல்லுக்கு "அளவுக்கு மீறி யோசிப்பது" என்று பொருள், பாட்டிமார் அந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள், மனச்சோர்வு என்ற பெயரைத் திணிக்கவில்லை. நாமும் "டிப்ரஷன் இருக்கா?" என்று கேட்பதைவிட "ராத்திரி தூக்கம் வருதா, ரொம்ப யோசனையா இருக்கா?" என்று கேட்பது நல்லது. ஆனால் யாராவது வாழவே பிடிக்கவில்லை என்றால் அதைப் பேச்சுக்குச் சொல்வதாக நினைத்துக் கடந்துவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

சில்லறை விஷயங்கள்

நோட்டில் பெயர், வந்த தேதி, போன் எண், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இவ்வளவு போதும். நோய் விவரம், ரீடிங் எல்லாம் அவரவர் நோட்டில் அவரவரிடம். ரீடிங்கை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாதீர்கள், யாருக்குக் குறைந்தது என்று கைதட்டாதீர்கள். கைதட்டு வாங்கியவர் அடுத்த மாதம் ஏறியதும் வராமல் நின்றுவிடுவார், பார்த்திருக்கிறேன்.

காசு வசூல் செய்யாமல் எவ்வளவு நாள் போக முடியுமோ அவ்வளவு நாள் போங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் குழுவால் பலன் இருக்கிறதா என்று ஹெச்பிஏ1சியை வைத்து அளக்காதீர்கள். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும், அந்தச் சோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு. அதுவரைக்கும் பார்க்க வேண்டியது எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதை. நடத்துகிறவர் எப்போதும் இரண்டு பேர் இருக்கட்டும், நீங்களும் ஒருநாள் வராமல் போவீர்கள், உங்களுக்கும் யாராவது போன் பண்ண வேண்டும்.

கடைசியாக ஒன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராதது. குழுவில் ஒருவர் இறந்துபோவார். இந்த நோய்களோடு சில ஆண்டுகள் ஒன்றாக இருந்தால் அது நடக்கும். அடுத்த கூட்டத்தில் வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பற்றிப் பேசுங்கள், பயமாக இருக்கிறது என்று சொல்பவரைச் சொல்லவிடுங்கள். அப்புறம் நோட்டை எடுத்து அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம். இரண்டு வாரம் வராதவர் பட்டியலில் அவர் பெயரும் இருக்க, புதிதாகச் சேர்ந்த ஒருவர் விஷயம் தெரியாமல் போன் பண்ணி, எடுத்த மகளிடம், "அப்பாவோட நாற்காலி காலியா இருந்துச்சும்மா" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கோபப்படவில்லை, பேசவும் முடியவில்லை. அன்றிலிருந்து போன் பட்டியலைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன் பழைய ஆள் ஒருவர் அதை ஒருமுறை படித்துப் பார்க்கிறார்.